48 மணி நேரம் என்று 1992லேயே எழுதியாயிற்று

பிஜி எனப்படும் மருத்துவ மேற்படிப்பில் முதல் வருடம், பிரசவ வார்டு. முந்தின நாள் காலை எட்டு மணிக்கு ஏறிய டூட்டி மறுநாள் மதியமும் முடியவில்லை. வலிப்பு வந்த கர்ப்பிணிக்கு, வலிப்பை அடக்கும் மேக்சல்ஃப் (மெக்னீசியம் சல்பேட்) மருந்தின் லோடிங் டோஸை, அதாவது முதலில் போடும் பெரிய டோஸை, எழுதி கேஸ் ஷீட்டை நீட்டினேன். சிஸ்டர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மேடம், இது ராத்திரியே போட்டாச்சு. நீங்கதான் எழுதினீங்க." முந்தின பக்கத்தில் என் கையெழுத்தேதான். எழுதியது துளியும் நினைவில்லை. இன்னொரு முறை ஏறியிருந்தால் அந்தப் பெண்ணின் மூச்சே நின்றிருக்கலாம்.

அன்றைய டூட்டி சார்ட்டில் என் பெயருக்கு நேரே காலை 8 முதல் இரவு 8 வரை என்றுதான் இருந்தது.

டாக்டர்களின் மனச்சோர்வு என்று பேச்செடுத்தாலே யோகா, கவுன்சலிங் என்கிறார்கள். நடத்தட்டும். தூங்காதவளுக்கு முதலில் தூக்கம் வேண்டும்.

விதி இல்லாமலா? 1992 ஜூனில் மத்திய சுகாதார அமைச்சகம் மேற்படிப்புப் படித்தபடியே மருத்துவமனையில் வேலை செய்யும் ரெசிடென்ட் டாக்டர்களுக்குத் தொடர்ந்து 12 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு எழுதியது. 2023ல் வந்த பிஜி விதிமுறையில் அந்த எண்ணே இல்லை. "நியாயமான வேலை நேரம்" என்றார்கள். எது நியாயம் என்று யார் சொல்வது? துறைத் தலைவர்தான். 2024ல் மருத்துவக் கல்வியை ஒழுங்குபடுத்தும் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு வாரத்துக்கு 74 மணி நேரம் போதும் என்று பரிந்துரைத்தது. முப்பது வருடத்தில் 48, 74 ஆகிவிட்டது. அதுவும் பரிந்துரைதான்.

நியூயார்க்கில் 1984ல் லிபி சயான் என்ற 18 வயதுப் பெண் மருத்துவமனையில் இறந்தாள். அவளைக் கவனித்தவர்கள் நீண்ட டூட்டியில் இருந்த ரெசிடென்ட்கள். அதன் பிறகு 1989ல் ரெசிடென்ட்களுக்கு வாரத்துக்கு 80 மணி நேரம் என்ற விதி வந்தது. வந்தும் மருத்துவமனைகள் மதிக்கவில்லை. 1998ல் மாநில அரசு சொல்லாமல் கொள்ளாமல் போய்ச் சோதித்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. பிறகு அபராதத்தை ஏற்றினார்கள்.

இங்கே யார் போய்ப் பார்க்கிறார்கள்? இப்போது நான் உதவிப் பேராசிரியர். நான் கல்லூரிக்கு வந்தேனா என்று பார்க்க ஆணையம் கைபேசியில் முகத்தைக் காட்டச் சொல்கிறது. என் பிஜி எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனாள் என்று கேட்க ஆளில்லை. அவளும் வாய் திறக்க மாட்டாள். தீசிஸில் கையெழுத்துப் போடுகிறவரும், சார்ட் போடுகிறவரும் ஒருவரே.

அதனால்தான் கேட்கிறேன். 48 மணி நேரத்தைச் சட்டமாக்குங்கள். வந்த நேரமும் போன நேரமும் பதிவாகட்டும். புகார் கல்லூரிக்கு வெளியே போகட்டும். மீறினால் அடுத்த வருட பிஜி சீட்டைக் குறையுங்கள். ஆள் பற்றாக்குறை என்று யாராவது சொன்னால், காலியிடங்களை நிரப்பாதது யார் என்று அவர்களையே கேளுங்கள்.