களவாச் சாப்பிடுறா எண்டு சொல்லாதேங்கோ

கனநாளா மனசுக்குள்ள கிடந்த விசயம், இண்டைக்கு எழுதிப்போட்டுத்தான் படுக்கிறது எண்டு இருக்கிறன். நீளம்தான், ஆறுதலா இருந்து வாசியுங்கோ.

எங்கட கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் இப்ப கனபேருக்கு, முக்கியமா நாப்பது தாண்டின பொம்பிளையளுக்கு, கிளினிக்கில முதல் சொல்லுறதே நிறையைக் குறையுங்கோ எண்டதுதான். சீனி வருத்தம், பிறஷர், முழங்கால் நோ, எதுக்குப் போனாலும் அந்த வசனம் வரும். சரி, சொல்லத்தான் வேணும். அதுக்குப் பிறகு இதுகள் பாவங்கள் போன்ல ஒரு கலோரி ஆப்பை இறக்கி, சிலபேர் சின்ன டிஜிட்டல் தராசும் வாங்கி, சோத்தை நிறுத்து, கறியை நிறுத்து, ஒவ்வொண்டா எழுதி நாளுக்கு ஆயிரத்து இருநூறு எண்டு கணக்குப் பாத்துச் சாப்பிட்டு, ரெண்டு மாசம் கழிச்சுப் போய்த் தராசில ஏறினா முள்ளு அசையேல்ல. அப்ப அங்க இருக்கிற ஆள் நிமிர்ந்தும் பாக்காமச் சொல்லுற வசனம்: "நீங்க ஒழுங்காச் சாப்பாட்டைக் கட்டுப்படுத்தேல்ல." வீட்டுக்கு வந்தா மனுசனும் மாமியும் அதையேதான் வேற மாதிரிச் சொல்லுவினம், களவாச் சாப்பிடுறாவாம் எண்டு. புதுக்குடியிருப்பில எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா இப்பிடி ஒரு கதையைக் கேட்டுட்டு வந்து கிளினிக்குப் போறதையே விட்டிட்டா. சீனிக் குளிசை எடுக்கிற ஆள் கிளினிக்கை விட்டா என்ன நடக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும். அதுதான் எனக்குக் கோவம்.

நான் சொல்ல வாறது ஒண்டுதான். கணக்கு வைச்சவை பொய் சொல்லேல்ல. அந்தக் கணக்கு ரெண்டு பக்கத்தாலயும் குத்துமதிப்பு, அதுவும் எங்கட குசினிக்கு வந்தா இன்னும் மோசம். ஆளைக் குற்றம் சொல்லுறதுக்கு முதல் கணக்கைப் பாக்க வேணும்.

1992ல நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில வந்த ஒரு ஆராய்ச்சி இருக்கு. நாளுக்கு 1200 கலோரிக்குக் குறைவாத்தான் சாப்பிடுறம், ஆனாலும் மெலியேல்ல எண்டு சொன்ன ஆக்களை எடுத்து, உடம்பு உண்மையில எவ்வளவு சக்தியை எரிக்குது எண்டு விசேஷமான தண்ணி ஒண்டைக் குடிக்கக் குடுத்து அளந்து பாத்தவை. சராசரியா சாப்பாட்டை 47 வீதம் குறைச்சும், ஓடியாடி வேலை செய்யிறதை 51 வீதம் கூட்டியும் சொல்லியிருந்திச்சினம். இதை வைச்சுத்தான் கனபேர் "பாத்தியா, பொய்" எண்டு சொல்லுறது. ஆனா அந்த ஆக்கள் வேணுமெண்டு பொய் சொன்னவை எண்டு அதை வைச்சுச் சொல்லேலாது. பிறகு ஒரு ஆராய்ச்சியில டயட்டீசியன்மாரையே எழுதச் சொல்லிப் பாத்தா, அவையும் நாளுக்கு இருநூறு கலோரிக்கு மேல குறைச்சுத்தான் எழுதியிருந்திச்சினம். சாப்பாடே தொழிலா இருக்கிற ஆக்களுக்கே அப்பிடியெண்டா, வயலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடிக்கொண்டு ஆறு பேருக்குச் சமைக்கிற மனுசி சரியா எழுத வேணும் எண்டு எப்பிடி எதிர்பாக்கிறியள்?

இனிக் குசினிக்கு வாங்கோ.

ஆப்பில புட்டு எண்டு தேடினா ஒரு இலக்கம் வரும். அது ஆற்ற புட்டு? கேரளாப் புட்டோ, ஆரோ லண்டன்ல இருந்து ஏத்திவிட்ட புட்டோ தெரியாது. எங்கட வீட்டில நீத்துப்பெட்டியில அவிக்கிற புட்டு ஒருநாள் அரிசிமா, ஒருநாள் அவிச்ச கோதம்பமா, ஒருநாள் குரக்கன், தேங்காய் மலிஞ்சா பூ கூட, விலை ஏறினா குறைய. திருவின தேங்காய்ப்பூ நூறு கிராமில கிட்டத்தட்ட 350 கலோரி இருக்கு, அப்ப ஒரு கைப்பிடி கூடிக் குறைஞ்சாலே இலக்கம் மாறிப்போகும். அதுக்குப் பிறகு சொதி. தேங்காயைத் திருவி முதற்பால், ரெண்டாம்பால் எண்டு பிழியுறம், எவ்வளவு கொழுப்புப் பாலுக்குள்ள வந்தது, எவ்வளவு சக்கையில நிண்டது எண்டு எந்தத் தராசாலயும் சொல்லேலாது, கை இறுக்கிப் பிழிஞ்சா ஒரு கணக்கு, அவசரத்தில பிழிஞ்சா இன்னொண்டு. கத்தரிக்காயைப் பொரிச்சுப் பால்கறி வைச்சா அது எண்ணெயை எவ்வளவு குடிச்சிருக்கும்? சட்டியில மிச்சம் நிக்கிற எண்ணெயை அளந்து கழிச்சு எழுதிற ஆள் வன்னியில ஆரும் இருக்கிறியளோ?

சோறு எல்லாத்தையும் விட மோசம். அரிசி நூறு கிராம் எண்டா 350 கலோரி அளவில, அதுவே அவிச்ச சோறு நூறு கிராம் எண்டா தண்ணி சேர்றதால 130 அளவில வரும். ஆப்பில ரெண்டும் பக்கத்து பக்கத்தில கிடக்கும், எதை அமத்தினது எண்டு அவசரத்தில தெரியாது. குழையக் காச்சின ஆட்டக்காரிச் சோறும் கடையில வாங்கிற பாஸ்மதிச் சோறும் ஒரே அளவு தண்ணி இழுக்காது. ஆப்பில "ஒரு கப்" எண்டு போட்டிருக்கிறது 240 மில்லி லீற்றர், நாங்கள் கப் எண்டு சொல்லுறது அலுமாரியில கிடக்கிற தேத்தண்ணிக் கோப்பையை.

இதுகள் சின்ன விசயம் எண்டு நினைக்காதேங்கோ. நாளுக்கு 400 கலோரி குறைச்சுச் சாப்பிட்டு மெலியலாம் எண்டு ஒராள் திட்டம் போடுறா எண்டு வையுங்கோ. எழுதாம விட்ட எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, 120. சம்பலிலயும் புட்டிலயும் கூடிப்போன தேங்காய்ப்பூ ஐம்பது கிராம், 175. அஞ்சு தேத்தண்ணி, ஒவ்வொண்டுக்கும் ரெண்டு தேக்கரண்டி சீனி, 160. முடிஞ்சுது, நானூறும் போயிட்டுது. இதில களவு எங்க இருக்கு? அதுவும் எங்கட ஊரில தேத்தண்ணி எண்டது நாங்களாக் குடிக்கிறது குறைவு, போற வீடெல்லாம் ஊத்தித் தருவினம், குடிக்காம எழும்பினா அந்த வீட்டுக்காரர் மனம் நோகும். சங்கக் கூட்டம், செத்தவீடு, பிள்ளையின்ர பள்ளிக்கூடம், எல்லா இடமும் தேத்தண்ணி, கூடவே பணிஸோ பிஸ்கட்டோ.

இன்னொண்டு இருக்கு, அதை எழுதக் கொஞ்சம் கஷ்டமா இருக்கு, ஆனா எழுதாம விடேலாது. எங்கட அம்மாமார் பிள்ளையின்ர கோப்பையில மிஞ்சிற சோத்தைக் கொட்ட மாட்டினம். 2009ல பதுங்குகுழிக்குள்ள இருந்துகொண்டு கஞ்சிக்கு வரிசையில நிண்டு, உப்பும் அரிசியும் தண்ணியுமா வாங்கி, தான் குடியாம பிள்ளைக்குப் பருக்கின மனுசி அவா. முள்ளிவாய்க்காலில ஒரு பிடி அரிசி என்ன பெறுமதியில வித்தது எண்டு அவாக்குத் தெரியும். அவாவை இப்ப "மிஞ்சினதைக் கொட்டுங்கோ" எண்டு லேசாச் சொல்லிப்போட்டுப் போகேலாது. அடிச்சட்டியில ஒட்டினதை வழிச்சு, பிள்ளை வைச்ச அரைவாசி முட்டையை எடுத்து, பழஞ்சோத்தைப் பிசைஞ்சு அவா சாப்பிடுறது அவாக்குச் சாப்பாடே இல்லை, வீணாக்காம விடுறது, அவ்வளவுதான். அதுகள் கொப்பியில வராது. இதைத் தெரியாத ஆள் அவாவைப் பாத்துப் பொய் எண்டு சொல்லுறது எனக்குத் தாங்கேலாது.

சரி, உள்ள போறது அப்பிடி. எரியிற பக்கமும் குத்துமதிப்புத்தான். "உங்களுக்கு நாளுக்கு 1900 கலோரி வேணும்" எண்டு ஆப் சொல்லுது எல்லே, அது வயசு, உயரம், நிறையைப் போட்டு ஒரு சமன்பாட்டால எடுக்கிறது. பழைய சமன்பாடு 1919ல வந்தது, இப்ப கன ஆப்புகள் பாவிக்கிறது 1990ல வந்தது, ரெண்டும் அமெரிக்க ஆக்களை அளந்து செய்தது. எங்கட தெற்காசிய உடம்பில அதே நிறைக்குத் தசை குறைவு, கொழுப்புக் கூட. 2004ல லான்செற் இதழில புனேயைச் சேர்ந்த யாஜ்னிக் எண்ட டொக்டரும் இங்கிலாந்து டொக்டர் ஒருவரும் தங்கட படத்தையே போட்டுக் காட்டினவை, ரெண்டு பேருக்கும் பீஎம்ஐ, அதாவது உயரத்துக்கு நிறை எவ்வளவு எண்டு பாக்கிற கணக்கு, 22.3, ஆனா இங்கிலாந்துக்காரருக்கு உடம்பில கொழுப்பு 9.1 வீதம், யாஜ்னிக்குக்கு 21.2 வீதம். தசை குறைஞ்சா சும்மா இருக்கேக்க எரியிறதும் குறையும். அப்ப ஆப் சொல்லுற 1900 எங்களில கனபேருக்குக் கூட.

கையில கட்டுற வாட்ச் 350 கலோரி எரிச்சிட்டியள் எண்டு காட்டினாலும் நம்பாதேங்கோ. 2017ல ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் ஏழு கைப்பட்டிகளைச் சோதிச்சதில, இருக்கிறதில நல்லதே கலோரிக் கணக்கில 27 வீதம் பிழைச்சது. இரணைமடுக் கட்டில பின்னேரம் அரைமணித்தியாலம் நடந்தா எழுபது கிலோ ஆளுக்கு நூறு, நூற்றைம்பது கலோரிதான் போகும். நடக்க வேண்டாம் எண்டு சொல்லேல்ல, நடவுங்கோ, சீனிக்கும் இருதயத்துக்கும் அதைவிட நல்ல மருந்து இல்லை. நடந்ததுக்காக ஒரு ரோல்ஸ் சாப்பிடலாம் எண்டு மட்டும் நினைக்காதேங்கோ. முந்தி நாங்கள் கிணத்தில அள்ளி, விறகு கொத்தி, மாங்குளத்துக்கும் மல்லாவிக்கும் சைக்கிள் மிதிச்ச ஆக்கள். இப்ப மோட்டர், காஸ், ஸ்கூட்டி. அந்த வேலை போனதால எரியிறதும் நல்லாக் குறைஞ்சு போச்சுது, அதை அரைமணி நடை முழுசா ஈடு செய்யாது.

அடுத்தது, குறைக்கக் குறைக்க உடம்பும் குறைச்சுக்கொண்டு வரும். ஏழாயிரத்து எழுநூறு கலோரி குறைச்சா ஒரு கிலோ போகும் எண்டு எல்லாரும் சொல்லுற கணக்கு 1958ல ஒரு அமெரிக்க டொக்டர் எழுதின கட்டுரையில இருந்து வாறது, கொழுப்பில எவ்வளவு சக்தி எண்டதுக்கு அது சரி, ஆனா மாசக்கணக்கா அதே வேகத்தில நிறை போகும் எண்டு பெருக்கிப் பாக்கிறது பிழை. 1944-45ல மினசோட்டாவில 36 இளம் ஆம்பிளையளை ஆறு மாசம் அரைவயித்தில வைச்சுப் பாத்தவை, நிறை கால்வாசி குறைய, உடம்பு சும்மா இருக்கேக்க எரிக்கிறது 40 வீதம் அளவில குறைஞ்சுது. அந்தப் பெடியளுக்குக் குளிர் தாங்கேல்ல, நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பு, சோர்வு. அமெரிக்க ரிவியில நிறை குறைக்கிற போட்டியில பங்குபற்றின 14 பேரை ஆறு வருசத்துக்குப் பிறகு அளந்து 2016ல எழுதினவை, அப்பவும் அவையின்ர உடம்பு எதிர்பாத்ததை விட நாளுக்கு 500 கலோரி அளவில குறைச்சு எரிச்சுக்கொண்டிருந்தது. அதால, 1200ல நிறை குறையேல்ல எண்டவுடன 1000, பிறகு 800 எண்டு இறங்காதேங்கோ. தலைமயிர் கொட்டும், மாதவிடாய் குழம்பும், சீனிக் குளிசை போடுற ஆள் எண்டா தலைசுத்தி விழுவியள். குறைக்கிறதை விட மீன், முட்டை, பயறு, கௌபி கூட்டுறது எவ்வளவோ மேல், புரதத்தைச் செமிக்கவே அதில கால்வாசி அளவு சக்தி செலவாகும், வயிறும் நிண்டு பிடிக்கும். எங்கட குளத்து யப்பான் மீனை (திலாப்பியா) விட மலிவா என்ன இருக்கு?

தண்ணியையும் சொல்ல வேணும். முதல் கிழமை ரெண்டு கிலோ போனதெண்டு சந்தோசப்படுறது கனக்கத் தண்ணிதான், உடம்பு சேத்து வைச்சிருக்கிற மாச்சத்து ஒரு கிராமோட மூண்டு கிராம் தண்ணி நிக்கும், அது போகேக்க இதுவும் போகும். பிறகு ஒரு கிழமையில கொழுப்பு முந்நூறு கிராம் குறைஞ்சிருக்கும், ஆனா முதல்நாள் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டிருந்தாலோ மாதவிடாய் கிட்டடியில இருந்தாலோ ஒரு கிலோ தண்ணி ஏறி நிண்டு அதை மறைச்சுப்போடும். மாசத்துக்கு ஒருக்கா, அதுவும் வேற வேற தராசில, வேற வேற உடுப்போட நிறுத்துப்போட்டு ஒண்டும் நடக்கேல்ல எண்டு முடிவு கட்டாதேங்கோ. தையல் ரேப்பால இடுப்பை அளவுங்கோ. பொம்பிளையளுக்கு 80 சென்ரிமீற்றர், ஆம்பிளையளுக்கு 90, அதுக்கு மேல எண்டா கவனம்.

நிறை குறைக்கிற ஆள் கச்சான் தின்னலாமோ எண்டு கேக்கிறவைக்கு ஒரு பதில். பெட்டியில அடிச்சிருக்கிற கலோரியும் முழு உண்மை இல்லை. புரதம் 4, மாச்சத்து 4, கொழுப்பு 9 எண்டு பெருக்கிற முறை நூறு வருசத்துக்கு மேல பழசு. முழுப் பாதாம்பருப்பை 2012ல அளந்து பாத்தா உடம்புக்குப் போறது அந்தக் கணக்கை விட கால்வாசி அளவில குறைவு. முழுக் கச்சானிலயும் கொழுப்பு முழுசாச் செமிக்காது. வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய் ஒரு சுருள் கச்சான் வாங்கினதுக்காக ஒருத்தரும் கவலைப்பட வேண்டாம்.

அப்ப என்ன செய்யிறது எண்டா, எனக்கு நல்லதாப் படுற ஒரு வழி இருக்கு, ஆப் தேவையில்லை. ஒரு மாசத்துக்கு வீட்டுக்கு வாங்கிற எண்ணெய், சீனி, தேங்காய் மூண்டையும் மட்டும் எழுதி ஆள் கணக்கில பிரியுங்கோ. நாலு பேர் வீட்டில மூண்டு லீற்றர் எண்ணெய் முடிஞ்சா ஆளுக்கு நாளுக்கு 200 கலோரிக்குக் கூட. நாலு கிலோ சீனி எண்டா 130 அளவில. நாளுக்கு இருநூறு கிராம் தேங்காய்ப்பூ எண்டா ஆளுக்கு 175. மூண்டும் சேத்து ஐந்நூறு, சோறும் மீனும் இன்னும் கோப்பைக்கே வரேல்ல. இதில ஒராளைப் பிடிச்சுக் களவு எண்டு சொல்ல இடமே இல்லை, முழு வீட்டின்ர கணக்கு இது. எண்ணெயில ஒரு லீற்றரைக் குறைச்சா மனுசனுக்கும் பிள்ளையளுக்கும் சேத்துத்தான் நல்லது, அவா தனிய ஒரு மூலையில இருந்து நிறுத்துச் சாப்பிடத் தேவையில்லை.

இதெல்லாம் ஒழுங்காச் செய்து மூண்டு மாசமாகியும் இடுப்பும் குறையேல்ல எண்டா தைரொயிட் ரெஸ்ற் ஒண்டு எடுக்கச் சொல்லிக் கேளுங்கோ. மாதவிடாய் ஒழுங்கில்லாத பிள்ளையள் எண்டா சூலகத்தையும் ஸ்கான் பண்ணிப் பாக்கச் சொல்லிக் கேளுங்கோ. முக்கியமா, போடுற மருந்து எல்லாத்தையும் கொண்டு போங்கோ. இன்சுலின், சில சீனிக் குளிசையள், ஸ்ரெரொயிட் வகைப் பிரெட்னிசொலோன், மனவருத்தத்துக்குக் குடுக்கிற ஒலன்சபீன், வலிப்புக்குக் குடுக்கிற வல்புரோவேற், கர்ப்பத்தடைக்குப் போடுற டிப்போ ஊசி, இதுகள் நிறையைக் கூட்டக் கூடியதுகள். எங்கட பக்கம் போருக்குப் பிறகு நித்திரைக்கும் மனசுக்கும் வருசக்கணக்கா மருந்து எடுக்கிற ஆக்கள் எத்தினை பேர், அதில சிலது பசியையும் நிறையையும் கூட்டும் எண்டு அவைக்கு ஆர் சொன்னது? நீங்களா ஒண்டையும் நிப்பாட்டிப்போடாதேங்கோ, ஆனா "டொக்டர், இதில எது நிறையைக் கூட்டும், மாத்த ஏலுமோ" எண்டு நேராக் கேளுங்கோ, கேக்க வெக்கமா இருந்தா ஒரு துண்டில எழுதிக் குடுங்கோ. கிளினிக்கில வேலை செய்யிற தம்பி தங்கச்சிமார் இதை வாசிச்சா, அடுத்தமுறை ஒரு அக்கா நிறை குறையேல்ல எண்டு வந்து நிக்கேக்க அந்த மருந்துத் துண்டை முதல் வாங்கிப் பாருங்கோ.