“ஃபுல் கவரேஜ்” என்று சொல்லி விற்பதை முதலில் நிறுத்துங்கள்

அமெரிக்காவில் ஆர்.வி.யோ (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) படகோ வாங்கினால் இன்சூரன்ஸ் ஏஜென்ட் வாயில் முதலில் வருவது, “ஃபுல் கவரேஜ் போட்டுடலாம் சார்.” அப்படி ஒரு கவரேஜே கிடையாது! லயபிலிட்டி (பிறருக்கு நாம் செய்யும் சேதம்), கொலிஷன் (மோதல் சேதம்), காம்ப்ரிஹென்சிவ் (திருட்டு, தீ, புயல் போன்றவை) மூன்றையும் சேர்த்துச் சொல்லும் விற்பனைப் பேச்சு அது. கார் பாலிசி விற்றுப் பழகியவர்கள் அதே பேச்சோடு டிராவல் ட்ரெய்லரையும் (வண்டிக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் ஆர்.வி.) படகையும் விற்கிறார்கள். இவை இரண்டையும் அழிப்பது பெரும்பாலும் தண்ணீர், அதுவும் சொட்டுச் சொட்டாக இறங்கும் தண்ணீர். அதற்குத்தான் பாலிசியில் காசு இல்லை.

ஆர்.வி. கூரையையே பாருங்கள். வென்ட், ஏசி, ஏணி பொருத்திய இடங்களைச் சுற்றி நீர் புகாமல் பூசிய பசை, அதாவது சீலன்ட், வெயிலில் வெடிக்கும். மயிரிழை விரிசல் போதும். மழைநீர் இறங்கி, பிளைவுட் ஊறி, பக்கச் சுவரின் ஃபைபர்கிளாஸ் உப்பிப் பிரியும். உள்ளே கறை தெரியும்போது மரச்சட்டம் உளுத்திருக்கும். அட்ஜஸ்டர் (சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் ஆள்) வந்து அழுத்திப் பார்த்துவிட்டு “நாள்பட்ட கசிவு, பராமரிப்புக் குறை” என்று எழுதினால் கிளெய்ம் முடிந்தது. மரக்கிளை விழுந்து கூரை கிழிந்தால் பணம் உண்டு, சீலன்ட் வெடித்தால் இல்லை. இதை விற்கும்போதே சொல்ல அரை நிமிடம் ஆகுமா? சொல்லித் தொலைக்க மாட்டார்கள்!

ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூரையின் ஒவ்வொரு இணைப்பையும் தேதியோடு படமெடுங்கள். சீலன்ட் வாங்கிய ரசீதை வையுங்கள். கிளை விழுந்தால் முதலில் படம், உடனே தார்ப்பாய். நனைய விட்டால் பிறகு கூடும் சேதம் உங்கள் தலையில்தான். கிழிந்த துண்டை அட்ஜஸ்டர் பார்க்கும்வரை எறியாதீர்கள்.

படகு இன்னும் மோசம். கட்டிப்போட்ட இடத்திலேயே மூழ்கும் படகுகள் ஏராளம். ஸ்டெர்ன்டிரைவின் (படகின் பின்புறம் வெளியே இருக்கும் இயக்கப் பகுதி) நீர் புகாமல் காக்கும் ரப்பர் உறையான பெல்லோஸ் வெடித்து நீர் ஏறும். படகின் அடியில் சேரும் நீரை வெளியேற்றும் பில்ஜ் பம்பின் மிதவை சுவிட்ச் சிக்கியிருக்கும், அல்லது பம்ப் ஓடி ஓடி பேட்டரி தீர்ந்திருக்கும். பெல்லோஸ் தேய்மானம், அதற்குப் பணம் இல்லை, சரி. அதனால் படகே மூழ்கினால்? விளைவுச் சேதத்தை ஏற்கும் வாசகம் பாலிசியில் இருந்தால் பணம், இல்லாவிட்டால் பூஜ்யம். மூழ்கியதைத் தூக்கும் செலவு தனித் தொகையா, படகின் மதிப்பிலிருந்தே கழிப்பார்களா என்பதையும் கேளுங்கள். மதிப்பிலிருந்தே கழித்தால், தூக்கிய பில் போக மிஞ்சுவது சொற்பம்.

குளிரில் எஞ்சின் பிளாக் வெடித்தால், வின்டரைஸ் செய்த (குளிருக்கு முன் எஞ்சினில் நீர் உறையாதபடி தயார் செய்த) ரசீது எங்கே என்பார்கள். லே-அப் மாதங்கள் (படகை ஓட்டாமல் நிறுத்திவைக்கும் மாதங்கள்) என்று தள்ளுபடி வாங்கியிருந்து, அந்த மாதத்தில் படகை ஓட்டினால் கவரேஜ் இல்லை. புயல் டிடக்டிபிள் (சேதத்தில் முதலில் நீங்கள் ஏற்கும் பங்கு) பல பாலிசிகளில் சதவீதக் கணக்கு: 80,000 டாலர் படகுக்கு 5% என்றால் முதல் 4,000 உங்களுடையது.

மதிப்புக் கணக்குதான் வயிறு எரிய வைப்பது. ‘ஆக்சுவல் கேஷ் வேல்யூ’ பாலிசியில் அன்றைய சந்தை விலைதான். சந்தை விலை 32,000, கடன் பாக்கி 41,000 என்றால் 9,000 டாலரும் டிடக்டிபிளும் கைப்பணம், ஆர்.வி. போன பிறகும் தவணை தொடரும். ‘அக்ரீட் வேல்யூ’ பிரீமியம் கூடுதல்தான், முழு நஷ்டத்தில் பாலிசியில் எழுதிய தொகை கிடைக்கும். ஆனால் அதிலும் பகுதிச் சேதத்துக்குக் கேன்வாஸ், ஸ்டெர்ன்டிரைவ் போன்றவற்றில் தேய்மானம் கழிக்கும் பாலிசிகள் உண்டு.

“வீட்டு இன்சூரன்ஸே பார்த்துக்கொள்ளும்” என்று சொல்லும் ஏஜென்ட்டுகள் மேல்தான் எனக்கு அதிகக் கோபம். வழக்கமான வீட்டு பாலிசியில் படகுக்கு, ட்ரெய்லர், மோட்டார் எல்லாம் சேர்த்து 1,500 டாலர்தான் உச்சவரம்பு. வீட்டுக்கு வெளியே திருடு போனால் அதுவும் இல்லை!

ஒரு பக்கச் சுருக்கத்தைக் காட்டிக் கையெழுத்து கேட்டால் போடாதீர்கள். விலக்குகள் உள்ள முழு பாலிசி வாசகத்தையும் பணம் கட்டும் முன்பே மெயிலில் வாங்குங்கள். கசிவு, விளைவுச் சேதம், தூக்கும் செலவு மூன்றுக்கும் எழுத்தில் பதில் கேளுங்கள். எழுதித்தர மறுக்கும் ஏஜென்ட்டிடம் வாங்காதீர்கள்.