மதத்தை விமர்சிப்பது வேறு, மனிதரை மிரட்டுவது வேறு

பல மதத்தினர் சேர்ந்து வாழும் நாடுகளில் மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சைக் குற்றமாக்க வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அக்கறை புரிகிறது, வழி தவறு என்று நினைக்கிறேன். யார் மனம் புண்பட்டால் சட்டம் அசையும்? தெய்வத்தைப் பழித்துப் பேசுவதைக் குற்றமாக்கிய இங்கிலாந்தின் பழைய தெய்வநிந்தனைச் சட்டம் கிறிஸ்தவத்துக்கு மட்டும்தான் அரணாக இருந்தது. இஸ்லாமை இழிவுபடுத்துகிறது என்று எழுத்தாளர் சல்மான் ருஷ்டியின் நாவலுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் 1990இல் நீதிமன்றமே அப்படித்தான் சொன்னது. 2008இல் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள்.

அதற்கு முன்பே, 2006இல் அங்கே இயற்றிய சட்டம் வேறு இடத்தில் கோடு போட்டது. மத அடிப்படையில் மனிதர்கள்மீது வெறுப்பைத் தூண்டும் நோக்கத்தோடு மிரட்டினால் குற்றம். மதக் கொள்கையை விமர்சிப்பது, கேலி செய்வது, ஏன், இழிவாகப் பேசுவதுகூடக் குற்றமல்ல என்று அதிலேயே எழுதி வைத்தார்கள். எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது.

டென்மார்க் 2017இல் தெய்வநிந்தனைச் சட்டத்தை நீக்கியது. குர்ஆன் எரிப்புச் சம்பவங்களுக்குப் பிறகு, 2023 டிசம்பரில் புனித நூல்களைப் பொதுவில் அவமதிக்கத் தடை கொண்டுவந்தது. நூலை எரிப்பது அருவருப்பான செயல், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதற்குச் சிறை என்பது மிகை.

இன்னொன்று. இப்படிப்பட்ட சட்டங்களில் முதலில் மாட்டிக்கொள்வது வெளியாள் மட்டுமல்ல. சொந்த மதத்துப் பெரியவர்களை எதிர்த்துக் கேள்வி கேட்கும் பெண்ணும், நம்பிக்கையை விட்டு விலகிய இளைஞனும்தான். அவர்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே!