டிராஃப்டில் எடுக்கப்பட்டுச் சோபிக்காதவர் என்றால் திறமை இல்லாதவரா?

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், முன்னணியில் எடுக்கப்பட்ட வீரர் சோபிக்காவிட்டால், "அவருக்குத் திறமையே இல்லை, அணி ஏமாந்துவிட்டது" என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. இது பாதிகூட உண்மை இல்லை.

டேவிட் காரைப் பாருங்கள். 2002-இல் முதல் ஆளாக அவரை எடுத்தது ஹூஸ்டன் டெக்சன்ஸ். அதுவே அந்த அணியின் முதல் சீசன். பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கைக் காக்க வேண்டிய தடுப்பு வரிசை சுத்தமாக நிற்கவில்லை. அந்த சீசனில், எறிவதற்கு முன்பே எதிரணிகள் அவரை 76 முறை வீழ்த்தின; ஒரே சீசனில் வேறு எந்தக் குவார்ட்டர்பேக்கும் அத்தனை முறை விழுந்ததில்லை. 2005-இலும் 68 முறை. இப்படி அடிவாங்கிய இளைஞரிடம் நிதானத்தை எதிர்பார்ப்பது அநியாயம்.

சரி, எல்லாப் பழியும் அணிக்கா? இல்லை. 1998-இல் இரண்டாவதாக எடுக்கப்பட்ட குவார்ட்டர்பேக் ரயன் லீஃபின் நடத்தையும் ஒழுங்கின்மையும் அவர் வீழ்ச்சிக்குப் பெரிய காரணம்.

ஆனால் சாம் டார்னால்டை என்ன சொல்வது? 2018-இல் மூன்றாவதாக அவரை எடுத்த நியூயார்க் ஜெட்ஸ், மூன்றே சீசனில் இரண்டு தலைமைப் பயிற்சியாளர்களைக் காட்டிவிட்டு அனுப்பிவிட்டது. "வீண்" என்று முத்திரையும் விழுந்தது. அப்புறம் 2024-இல் மினசோட்டா வைக்கிங்ஸில் நல்ல பயிற்சியாளர் கெவின் ஓ'கானல், பந்தைப் பிடிக்க ஜஸ்டின் ஜெஃபர்சன். அதே டார்னால்ட் 35 டச்டவுன்களுக்கு (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்த்துப் புள்ளி எடுப்பது) பந்து எறிந்தார். அணி 17 ஆட்டங்களில் 14-ஐ வென்றது.