ஆறு விக்கெட்ட மறந்துட்டோம், அஞ்சு சிக்ஸ் மட்டும் ஞாபகம் இருக்கு

ஞாயித்துக்கெழம காலைல கடலூர் மஞ்சக்குப்பத்துல கிரவுண்டு பக்கத்துல டீ குடிச்சிட்டு நின்னோம். உள்ள சின்னப் பசங்க கிரிக்கெட் மேட்ச். பக்கத்துல நின்ன ஒருத்தர் சொல்றாரு, "அந்தப் பையனோட அப்பா பழைய ப்ளேயர் சார், அதான் ஓப்பனிங் எறக்குறாங்க." சொல்லி வாய் மூடல, மூணாவது பால்ல போல்டு. எல்லாரும் சிரிச்சோம், நானுந்தான். வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் இந்தியாவுக்கு ஆடுன ஆல்ரவுண்டர் ஸ்டூவர்ட் பின்னி ஞாபகமாவே இருந்துச்சு, அப்பா சிபாரிசுல டீமுக்கு வந்தவருன்னு அந்த மனுசன நான் ஓட்டுன ஓட்டு கொஞ்ச நஞ்சமில்ல.

அப்பா ரோஜர் பின்னி. 83 வேர்ல்டு கப்ல 18 விக்கெட், அந்த டோர்னமெண்ட்லயே அதிகம். மகன் 2014ல இந்தியா டீமுக்கு வர்றப்ப அப்பா டீம எடுக்குற கமிட்டில செலக்டரா இருக்காரு. போதாதா நமக்கு?

அந்த வருசம் ஜூன்ல மிர்பூர்ல பங்களாதேஷ் கூட ஒன்டே. நம்மாளுங்க 105க்கு ஆல் அவுட். தூன்னு டிவிய ஆஃப் பண்ணிட்டு வெளில போயிட்டேன், திரும்பி வந்து பாத்தா அவனுங்க 58க்கு காலி. பின்னி 4.4 ஓவர், 4 ரன், 6 விக்கெட். 93ல கும்ப்ளே 12 ரன்னுக்கு 6 எடுத்த ரெக்கார்டு போச்சு, அப்புறம் 2023 செமி ஃபைனல்ல ஷமி ஏழு எடுக்குற வரைக்கும் இந்தியாவுக்கு ஒன்டேல அதுதான் பெஸ்ட். அடுத்த மாசமே டிரெண்ட் பிரிட்ஜ்ல மொத டெஸ்ட், ரெண்டாவது இன்னிங்ஸ்ல 78 அடிச்சு மேட்ச டிரா பண்ண உதவுனாரு. இதெல்லாம் யாராவது பேசி கேட்டுருக்கீங்களா?

நாம பேசுறது 2016 ஆகஸ்டு, அமெரிக்கால லாடர்ஹில்ல வெஸ்ட் இண்டீஸ் கூட நடந்த டி20. பின்னி ஒரே ஓவர்தான் போட்டாரு, அதுல அவங்க எவின் லூயிஸ் அஞ்சு சிக்ஸ், மொத்தம் 32 ரன். கடைசில இந்தியா தோத்தது ஒத்த ரன்ல! அதுக்கப்புறம் அவர இந்தியா ஜெர்சில பாக்கவே இல்ல. நான் அன்னிக்கு போட்ட போஸ்ட் "அப்பா எங்கப்பா" அப்படின்னு. லைக் நெறைய விழுந்துச்சு. இப்ப தேடிப் பாத்தா தெரியுது, அப்பா 2015லயே கமிட்டிய விட்டுப் போயாச்சு. அப்பா கமிட்டில இல்லாதப்பவும் மகன எடுத்துருக்காங்க, நாந்தான் பாக்கல.

இன்னொன்னு, சிபாரிசுல வர்ற பையன் எதுக்கு சின்ன வயசுலயே கிரிக்கெட் போர்டுக்கு ஆகாத ஐசிஎல்ங்கிற தனியார் லீக்குக்கு போயி தடை வாங்கணும்? திரும்பி வந்து மாநில டீமுங்க மோதுற ரஞ்சில கர்நாடகாவுக்கு ஆடி, டெஸ்ட் தொப்பி வாங்கும்போது வயசு 30.

பெரிய ப்ளேயருன்னு சொல்ல வரல. 6 டெஸ்ட், 14 ஒன்டே, 3 டி20, அவ்ளோதான். பந்துல வேகம் கெடயாது, பிட்ச் ஒத்துழைக்கலன்னா அடி வாங்குவாரு. ஆனா அத பவுலரோட கொறையா பேசாம பரம்பரையோட கொறையா பேசுனோம் பாருங்க.

அதுக்காக அப்பா பேருக்கு மதிப்பே இல்லன்னும் சொல்ல மாட்டேன். இருக்கு, ஆனா அது செலக்ஷன் ரூம்ல இல்ல, பத்து வயசுலயே இருக்கு. யார்கிட்ட கோச்சிங், எந்த லீக், எப்ப டிரையல்ஸ்னு வீட்ல சாப்புடும்போதே காதுல விழும். நம்ம கடலூர் பையனுக்கு முள்ளோடை பார்டர தாண்டுனா பாண்டிச்சேரி, அங்க 2018லேர்ந்து தனி ரஞ்சி டீமே இருக்கு, இவனோ தமிழ்நாடு கணக்கு, மெட்ராஸ் லீக்ல ஆடணும்னா பஸ் ஏறணும், தங்க எடம் வேணும், அவங்கப்பாவுக்கு டிரையல்ஸ்னு ஒன்னு நடக்குறதே முடிஞ்சப்புறந்தான் தெரியும். கோவம் வரவேண்டியது அங்க.

நம்ம மெட்ராஸ்லயே ஏ.ஜி.ராம்சிங் இருந்தாரு, 1934ல சேப்பாக்கத்துல நடந்த மொத ரஞ்சி மேட்ச்ல 11 விக்கெட், மேட்ச் ஒரே நாள்ல முடிஞ்சுது. அவருக்கு டெஸ்ட் கெடைக்கவே இல்ல. பசங்க கிர்பால் சிங், மில்கா சிங் ரெண்டு பேரும் இந்தியாவுக்கு டெஸ்ட் ஆடுனாங்க. கிர்பால் மொத டெஸ்ட்லயே நூறு. டெஸ்டே ஆடாத அப்பா எந்த சிபாரிச பண்ணிருப்பாரு?

மஞ்சக்குப்பத்துல அந்தப் பையன் அவுட்டாகி வந்து பேடக் கூட கழட்டாம உக்காந்துருந்தான். அவங்கப்பா கிட்டயே போகல, வண்டிங்க நின்ன எடத்துல ஓரமா நின்னுட்டாரு. டீக்கடைலேர்ந்து அது ஒன்னும் அவ்ளோ தூரமில்ல, நாங்க சிரிச்சது கேட்டுருக்கும்.