நோட்டன் வான் பாயும்போது

நேத்து இலங்கை மலைநாட்டுல இருக்கிற நோட்டன்பிரிட்ஜ் போயிருந்தேன். மூணு நாளா விடாத மழை, அங்க இருக்கிற விமலசுரேந்திர அணை நிரம்பி வழிஞ்சு வான் பாயுது. எழுபத்தைஞ்சு வருசம் தாண்டிய கொங்கிரீட். கறுத்துப் பாசி பிடிச்சு நிக்குது. தேயிலை மலை மண்ணை அள்ளிக்கிட்டு தண்ணி தேத்தண்ணி நிறத்துல விழுது. பக்கத்துல நிக்கிறவர் பேசுறது காதுல விழல.

இந்த அணை மேல எனக்குப் பெரிய மரியாதை உண்டு. இந்த மலையாறுகள்ல இருந்து கரண்ட் எடுக்கலாம்னு எஞ்சினியர் டி.ஜே. விமலசுரேந்திர 1918லயே கணக்குப் போட்டு எழுதினார். இடையில வேலை நின்னு கிடந்து, கடைசியில கெசல்கமு ஓயாங்கிற ஆத்தை இங்க மறிச்சு, மலையைக் குடைஞ்சு தண்ணியைக் கொண்டுபோய், கீழ லக்சபானவுல 1950ல கரண்ட் எடுத்தாங்க. முதல்ல 25 மெகாவாட். பிறகு 1965ல மேல காசல்ரீ அணை. அங்க தேங்குற தண்ணி ஒருதரம் சக்கரத்தைச் சுத்திட்டு நோட்டன்ல வந்து விழும், லக்சபானவுல மறுபடி சுத்தும். ஒரே தண்ணியில ரெண்டு தரம் கரண்ட்! இன்னைக்கும் அதை நினைச்சா ஆச்சரியமாத்தான் இருக்கு.

ஆனா 1950க்கு ரெண்டு வருசம் முன்னாலதான், 1948ல, இதே மலையில கொழுந்து பறிச்ச எங்க மலையகத் தமிழ்ச் சனத்தோட பிரஜாவுரிமையைப் பறிச்சாங்க. லக்சபான கம்பி எங்க தோட்டத்து மேலதான் போச்சு. மழைத் தூறல்ல அது 'ங்ங்ங்'னு முனகும். அதுக்குக் கீழ அம்மா கொழுந்து எடுத்தாங்க. ராத்திரி நான் ஓ.எல். பரீட்சைக்குப் படிச்சது மைப்போத்தல்ல திரி போட்ட குப்பி லாம்புல. காலையில மூக்கைச் சிந்தினா கரியா வரும். தோட்டத்து வரிசை வீடான எங்க லயத்துக்கு கரண்ட் வந்தது நான் பரீட்சை எழுதி முடிச்சு ரெண்டு வருசம் கழிச்சு.

பழைய கதைதானேன்னு சொல்லாதீங்க. போன வருசம் அம்மா லயத்துல தன் காம்பராவுக்கு, அதாவது தான் இருக்கிற அறைக்கு, தனி கரண்ட் மீட்டர் கேட்டாங்க. தோட்டத்து ஆபீஸ் கடிதம் தந்தாத்தான் ஆகும்னுட்டாங்க. நாப்பது வருசம் காலையில பிரட்டுக்குப் போய் பேர் குடுத்து வேலை செஞ்ச மனுசிக்கு, தான் குடியிருக்கிற காம்பராவுல ஒரு மீட்டர் பூட்ட இன்னொருத்தர் சம்மதம் எதுக்கு? வீடும் காணியும் எங்க பேருக்கு வர்றது எப்பவோ, அதுக்கான போராட்டம் தனி. இந்தக் கடிதம் வேணும்ங்கிற நிபந்தனையையாவது இப்பவே எடுத்து விடணும். அடையாள அட்டையும் குடியிருக்கிறதுக்கு கிராம சேவகர் உறுதியும் போதும்னு ஆக்கணும். நம்ம எம்பிமார் இதை விடாம கேக்கணும்.

நாளைக்கு அம்மாவைக் கூட்டிக்கிட்டு மறுபடி ஆபீசுக்குப் போறேன். இது நாலாவது தடவை.