விம்பிள்டனில் நடுவர் இன்னும் இருக்கிறார்

தம்பி, "2025லேயே விம்பிள்டன் டென்னிஸில் நடுவர்களை அனுப்பிவிட்டு கம்ப்யூட்டரை உட்கார வைத்துவிட்டார்கள், நம்ம கீழக்கரைப் பசங்க வாலிபால் நடுவர் தேர்வுக்குப் படிப்பது வீண்" என்று எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி.

அந்த வருடம் போனவர்கள் எல்லைக்கோட்டில் நின்று 'அவுட்' சொல்பவர்கள் மட்டும். அவர்கள் வேலையைக் கேமராக்கள் எடுத்துக்கொண்டன. உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் முதன்மை நடுவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். பிரெஞ்சு ஓப்பனிலோ 2025லும் கோட்டு நடுவர்களே நின்றார்கள்.

அதே விம்பிள்டனில் பாவ்லியுசென்கோவா, கார்ட்டல் என்ற இரண்டு வீராங்கனைகள் மோதிய ஆட்டத்தைப் பாருங்கள். ஆடுகளத்தின் ஒரு பகுதியில் கருவியைத் தவறுதலாக யாரோ அணைத்துவிட்டார்கள். கார்ட்டல் அடித்த பந்து தெளிவாக வெளியே விழுந்தது, கருவி வாயே திறக்கவில்லை. நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, அந்தப் புள்ளியைத் திரும்ப ஆடச் சொன்னார். பாவ்லியுசென்கோவாவுக்கு அது அநியாயம்தான், எனக்கே கோபம் வந்தது. ஆனாலும் அந்த நேரத்தில் முடிவெடுக்க ஒரு மனிதர் தேவைப்பட்டார்.

கிரிக்கெட்டிலும் அப்படித்தான். எல்.பி.டபிள்யூ.வில் பந்து ஸ்டம்பை உரசும் அளவுக்குத்தான் படும் என்று கணினி காட்டினால், களத்து நடுவர் சொன்னதே நிற்கும்.

அப்புறம், மண்டபம் கடற்கரை மணலில் காற்றோடு சேர்ந்து வாலிபால் ஆடும்போது வலையில் கை பட்டதா என்று பார்க்க எந்தக் கேமரா வரும்? அந்தப் பசங்களைத் தேர்வு எழுத விடுங்கள்.